ஒன்பதாம் அறைப் பூட்டு

சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளுவதற்காகச் சிறைக் கதவில் விட்டிருந்த துவாரத்தில், ரஸ் ட்ரெஹார்னின் மூக்கும் மீசையும் மட்டும் தெரிந்தன. "தாயே, சீக்கிரம் திற. ரெண்டு மணிக்குள்ள நான் வெளிய வந்தாகணும்" என்றது மீசை.

ஐரீனா ஹுடாக் கருவிப் பெட்டியைத் தரையில் வைத்தாள். உள்ளே இருப்பவர்களுக்கு எப்போதும் அவசரம்தான்.

ட்ரெஹார்ன் குற்றம் எதுவும் செய்து உள்ளே போகவில்லை. பென்சில்வேனியாவில் கவுண்டி என்று சொல்லும் அந்த மாவட்டத்துக்குப் புதுச் சிறையைக் கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டரே அவர்தான். இரண்டு மணிக்குத் திறப்பு விழா. அதற்கு முன் மனைவிக்கு அனுப்ப வேடிக்கையாக ஒரு படம் எடுக்கலாமென்று ஒன்பதாம் அறைக்குள் போய்க் கதவை லேசாகச் சாத்தினார். அது லேசாகச் சாத்துகிற ரகக் கதவு இல்லை.

அறுத்து எடுத்துவிடலாம் என்றார் மேஸ்திரி. கதவின் விலை பதினோராயிரம் டாலர் என்று ஞாபகம் வந்ததும், அதற்கு நான் உள்ளேயே இருந்துவிடுகிறேன் என்றார் ட்ரெஹார்ன். வேறு வழியில்லாமல் ஐரீனாவைக் கூப்பிட்டார்கள். அங்கே பூட்டுகளைப் பொருத்தியவள் அவள்தான். பொருத்திய சமயத்தில் ஒன்பதாம் அறைக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. அதனால் அந்த ஒரு பூட்டைச் சோதித்துச் சாவியை ஒப்படைக்கும் வேலை மட்டும் நின்றுபோய், சாவி அவளிடமே தங்கிவிட்டது.

அவளைக் கூப்பிட அவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்திருக்க வேண்டும். மூன்று நாளைக்கு முன்புதான் அவள் முகத்துக்கு நேராகச் சிரித்திருந்தார்.

ஐரீனாவை வேலைக்கு வைத்தது அவர் இல்லை. அவரிடம் கதவு வேலையை எடுத்திருந்த ஒரு கம்பெனி. அது அவளுக்குத் தரவேண்டிய முப்பத்தெட்டாயிரம் டாலரை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்து, ஒருநாள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. தனியார் கட்டடமென்றால் கட்டடத்தின் மேலேயே உரிமை கோரலாம். கவுண்டி சிறையை யார் ஜப்தி செய்ய முடியும்?

அதனால்தான் அரசாங்கக் கட்டடம் கட்டுகிற கான்ட்ராக்டர் முன்கூட்டியே ஒரு பிணைப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். கூலி கிடைக்காதவர்கள், கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து தொண்ணூறு நாளைக்குள் கான்ட்ராக்டரிடம் நோட்டீஸ் கொடுத்தால், அந்தப் பத்திரத்தின் பேரில் பணம் கேட்கலாம். பத்திரம் எழுதிய நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு கான்ட்ராக்டரின் சட்டையைப் பிடிக்கும்.

ஐரீனா நோட்டீஸை நீட்டியபோது ட்ரெஹார்ன் நாட்காட்டியைப் புரட்டி எண்ணினார். தொண்ணூற்று மூன்று. கெடு தாண்டிவிட்டது என்று சிரித்து, உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். தன்னிடம் வேலை செய்த இரண்டு பேருக்குக் கூலி கொடுக்க அவள் ஏற்கெனவே ஒரு வேனை விற்றிருந்தாள். மாதக் கடைசியில் கடையையே மூட வேண்டியதுதான். அன்று மிச்சமிருந்த வேனுக்குள் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

இன்றைக்கு அழவில்லை. "அவசர வேலைக்கு நானூறு டாலர் ஆகும், மிஸ்டர் ட்ரெஹார்ன்" என்றாள்.

துவாரத்தில் மூக்கு மறைந்து ஒரு கண் வந்தது. "எதுக்கு நானூறு? ஒன்பதாம் நம்பர் பூட்டைச் சோதிச்சு சாவி ஒப்படைக்கிறது உன் பழைய ஒப்பந்தத்துலயே இருக்கு. நீ மிச்சம் வச்ச வேலையை நீ முடிக்கிற. ஒரு சென்ட் கிடையாது."

அது வேறு, இது வேறு என்று அவள் வாதாடினாள். இருநூறுக்கு இறங்கினாள், ஐம்பதுக்கு இறங்கினாள், கடைசியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சாண்ட்விச்சாவது வாங்கித் தரக் கூடாதா என்று கேட்டாள். வெளியே பள்ளிக்கூட பேண்டு குழுவினர் ஊதிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே அடைபட்டிருந்த மனிதர் சாண்ட்விச்சுக்கும் மசியவில்லை.

"சரி, உங்க இஷ்டம்" என்று ஐரீனா பெருமூச்சு விட்டாள்.

ட்ரெஹார்னுக்கு அதுவும் போதவில்லை. "வாயால சொன்னா ஆச்சா? நாளைக்கே பில் அனுப்புவ. எனக்கு எழுத்துல வேணும். வேலைச் சீட்டைக் குடு, நானே எழுதறேன்."

அவள் துவாரம் வழியாகச் சீட்டை உள்ளே தள்ளினாள். அவர் கதவின் மேல் வைத்து அழுத்தி அழுத்தி எழுதினார். பழைய ஒப்பந்தப்படி மீதமிருந்த வேலை, இன்று செய்து முடிக்கப்பட்டது, தனிக் கூலி கிடையாது. தேதி போட்டு, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டார். மேஸ்திரியையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவளுக்கு ஒரு நகல், தமக்கு ஒரு நகல்.

ஐரீனா வேலையில் குறை வைக்கவில்லை. பூட்டை மூன்று முறை சோதித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். ட்ரெஹார்ன் வெளியே வந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வேலை ஆகிவிட்டதல்லவா, குரலில் கொஞ்சம் கருணைகூட வந்துவிட்டது.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத ஐரீனா. அந்தத் தொண்ணூறு நாள் கணக்கு நான் போட்ட சட்டம் இல்ல."

அவள் ஒன்பதாம் அறைச் சாவியை அவர் கையில் வைத்தாள். சாவியோடு, மூன்று நாளைக்கு முன் அவர் திருப்பிக் கொடுத்த அதே உறையையும் வைத்தாள்.

"இதுக்குத்தான் கெடு முடிஞ்சு போச்சே" என்றார் அவர்.

அவள் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினாள்.

"நான் கடைசியா வேலை செஞ்சது இன்னிக்குத்தானேங்க."