நூறாவது ஆள்

மகாராஜாவைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, அவர் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார். அவரை உட்கார விடாமல் செய்தவர் கட்டிங் மெஷின்காரர்.

அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் அச்சடித்த தாள்களைப் பாரம் பாரமாக மடிக்கிற ஆளுக்கு 'மகாராஜா' என்று பேர் வைத்ததும் இதே மெஷின்காரர்தான். காரணம், ஒரு நீல நிறக் குஷன். நடுவில் ஒரு பள்ளம். பெண்டாட்டி கையால் தைத்தது. அது இல்லாமல் ஸ்டூலில் உட்கார மாட்டார். பேப்பர் கட்டைத் தூக்கக் கூப்பிட்டால், "என்னை விட்டுடுங்கண்ணே" என்று சிரித்தபடியே நழுவிவிடுவார்.

"என்னய்யா, மூலமா?" என்று ஒரு நாள் எல்லார் முன்னாடியும் கேட்டார் மெஷின்காரர்.

"அப்படியே வச்சுக்குங்கண்ணே."

எட்டு வருஷமாக அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மகாராஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்தச் சனிக்கிழமை லாரி நிறையப் பேப்பர் வந்தது. எல்லாரும் வேர்த்து விறுவிறுக்க இறக்கிக்கொண்டிருக்க, மகாராஜா குஷன்மேல் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். மெஷின்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் மகாராஜா கை கழுவப் போன சமயம் பார்த்து, குஷனை எடுத்து உயரமான அலமாரியின் உச்சியில், பழைய அட்டைகளுக்குப் பின்னால் செருகிவிட்டார்.

"மகாராஜாவோட சிம்மாசனம் இன்னைக்கு லீவு!"

கொல்லென்று சிரித்தார்கள். மகாராஜாவும் சிரித்தார். நின்றுகொண்டே சாப்பிட்டார். சாயங்காலம்வரை நின்றுகொண்டே மடித்தார். நாலு மணிக்கு நெற்றியெல்லாம் வேர்வை. 'நல்லா நடிக்கிறான்யா' என்று நினைத்துக்கொண்டார் மெஷின்காரர்.

ஆறு மணிக்கு வாசலில் மகாராஜா குஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை. தினமும் கேட்பதைத்தான் கேட்டார்.

"அண்ணி எப்படி இருக்காங்கண்ணே?"

"அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா."

"அது போதும்ணே."

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி சாமான்களை வாங்கிப்போக வந்தாள். எடுத்துக் கொடுக்க மெஷின்காரரைத் தள்ளிவிட்டார்கள். ஒரு சட்டை, மூக்குக் கண்ணாடி, மடிப்பைத் தேய்க்கிற சின்னக் கட்டை.

"குஷன் எங்கண்ணே? அன்னைக்கு அது இல்லாமதான் வீட்டுக்கு வந்தாரு. கேட்டா, மறந்துட்டேன்னாரு."

மெஷின்காரர் ஏணியைச் சாத்தி ஏறினார். தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான்தாம்மா ஒளிச்சு வச்சேன். விளையாட்டுக்குத்தான். மூலம் இருக்கற ஆளுகிட்ட அப்படி விளையாடியிருக்கக் கூடாது."

"மூலமா? அவரா சொன்னாரு?"

"ஆமா... இல்ல, நான்தான் கேட்டேன்."

"அதானே! நீங்க கேட்டிருப்பீங்க, இவரு தலையாட்டியிருப்பாரு." அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்ணே. ரெண்டாவது பிறந்ததும் நான் செஞ்சுக்கறேன்னேன். 'ரெண்டு தடவை நீ வயித்தை அறுத்துக்கிட்டது போதும்'னு இவரு போயிட்டு வந்தாரு. அன்னையிலேர்ந்து அந்த இடத்துல வலி. உட்கார்ந்தா வலி, கனம் தூக்கினா வலி. பார்க்காத டாக்டர் இல்ல."

"அந்த ஆபரேஷனா? அதுல ஒண்ணுமே ஆகாதேம்மா. நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்கு..."

"வாஸ்தவம்ணே. இவரு அந்த நூறாவது ஆளு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! இத்தனை வருஷம் கேலி பண்ணியிருக்க மாட்டோமே!"

"நானும் அதைத்தான் சொன்னேன். கேட்டாத்தானே! அப்ப இங்க வேலை செய்யற ஒருத்தரு, அந்த ஆபரேஷனுக்குப் போகலாமா வேணாமான்னு இவருகிட்ட வந்து கேட்டிருக்காரு. அவரு சம்சாரத்துக்கு இதயம் பலவீனமாம். இன்னொரு பிரசவமும் தாங்காது, கத்தியும் தாங்காதுன்னுட்டாங்களாம். அந்த மனுஷனோ ஊசின்னாலே ஓடறவராம். 'என் வலியைச் சொன்னா அவரு ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா போகலேன்னா அந்தம்மா உயிர் போயிடும்'னாரு."

"சரி, அவரு செஞ்சுக்கிட்டப்புறமாவது..."

"'இப்பச் சொன்னா, நமக்கும் வலிக்குதோன்னு ராத்திரி பகலா தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருப்பாரு, பாவம்'னு சிரிப்பாரு."

மெஷின்காரர் சிரிக்கவில்லை.

அவள் குஷனை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அந்த ஆளு யாருன்னு கடைசிவரைக்கும் இவரு சொல்லல. ஆனா தினமும் வீட்டுக்கு வந்ததும், 'அந்தம்மா நல்லா இருக்காங்களாம்'னு சொல்லிட்டுத்தான் செருப்பைக் கழட்டுவாரு. உங்களுக்குத் தெரியுமாண்ணே? அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"



"நல்லா இருக்காம்மா," என்றார் மெஷின்காரர். "இன்னைக்குக் காலையிலகூட எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தா."