மூன்றாம் வெர்ஷன் மண்டை

ஊர் உலகமெல்லாம் நாற்பத்தொன்றாம் வெர்ஷன் மூளைக்கு மாறியும், நாச்சிமுத்து மூன்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மனிதர்களை மன்னிப்புக் கேட்கவைக்கும் சாஃப்ட்வேரைப் பராமரிப்பவள் அவர் மனைவி பூங்கொடி. உலகத்தில் மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பழைய மண்டைக்காக இருபது வருஷம் அந்த சாஃப்ட்வேருக்குத் தனியாக ஒட்டுப்போட்டு ஓடவைத்தவள், தானாக அவர் ஒருதரமாவது மன்னிப்புக் கேட்பாரா என்று ஏங்கினாள். மேலிடத்து உத்தரவுப்படி இன்று காலை ஒட்டுகளோடு சாஃப்ட்வேரையே அவர் மண்டையிலிருந்து நீக்கிவிட்டாள்.

மதியம், ரசத்தில் உப்பில்லை என்று நாச்சிமுத்து கத்திய கத்தலில் காகங்கள் மாவட்டம் தாண்டிப் பறந்தன. ஐந்தே நிமிஷம்.

"தப்பு என்ற மேலதான். மன்னிச்சுக்க, புள்ள."

"ஏனுங்க, எதுக்குங்க கேட்டீங்க?"

"தெரியலயே. கேக்கோணும்னு தோணுச்சு."

பூங்கொடி ஏழுமுறை சோதித்தாள். அவர் மண்டையில் சாஃப்ட்வேர் இல்லவே இல்லை. குழம்பிப்போய் ஆபீசுக்கு எழுதினாள்: "மூன்றாம் வெர்ஷனில் ஒரு பிழை. தயவுசெய்து யாரும் சரிசெய்துவிடாதீர்கள்."