பச்சைப் புள்ளி

"மெட்ராஸ் பூராப் புள்ளியா வெச்சிருக்கானுங்க. நம்ம மலை எங்க கண்ணு?" என்று கேட்டார் மாதன்.

"இருங்க பெரியப்பா, தேடுறேன்," என்றாள் ஆர்த்தி. நாமக்கல்லில் கல்லூரிக்குப் போகும் தம்பி மகள். அவள் லேப்டாப்பில் நாட்டு வரைபடம் தெரிந்தது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சர்க்கரை நோய்க்குச் சிவப்பு. பாம்புக்கடிக்குப் பச்சை. சிவப்பு அப்பிக் கிடந்தது.

மாதனின் மனைவி பொன்னாயியை மிளகு பறிக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து இன்னும் காரியம்கூட முடியவில்லை. மலை ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது, கீழே கொண்டு போ என்றார்கள். வளைவு வளைவாக இறங்குவதற்குள் வேனிலேயே போய்விட்டாள். நாளைக்கு அதே கொடிக்குத்தான் மகள் போக வேண்டும்.

"மருந்தை மேல வைங்கடான்னு எத்தனை மனு. எவனாவது திரும்பிப் பார்த்தானா? இந்தம்மாவுக்கு இருக்கிற ஈரம் ஒருத்தனுக்கு இல்லை."

எதிரே நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டார்.

உறவில்லை, ஒட்டில்லை. ஆனால் மலையில் பாம்பு கடித்து யார் செத்தாலும் கீழேயிருந்து பஸ் ஏறித் துக்கம் கேட்க வந்துவிடுவார் புண்ணியவதி. இன்றைக்கும் வந்து மாதன் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை மணிக்குங்க கடிச்சுது? ஊட்டை உட்டு எப்பக் கிளம்புனீங்க? எந்த வளைவுலீங்க மூச்சு நின்னுது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தனை நாளும் கல்லாக இருந்த மனுஷன் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

அந்தம்மாவிடம் ஒரே குறை. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும். இவர் மட்டும் எந்த வீட்டுக்கு வந்தாலும் பழக்கத்தில் "வாரேனுங்க" என்பார். கீழ்நாட்டு ஆள், நல்ல மனசு, போகட்டும் என்று மலைக்காரர்கள் விட்டுவிடுவார்கள்.

"பெரியப்பா, இருக்கு. நம்ம மலையிலயும் ஒரு பச்சைப் புள்ளி."

மாதன் எழுந்தே விட்டார். "அப்பப் பணம் வந்திருக்கு. மருந்தை எவன் முழுங்குனான்? படி சாமி."

ஆர்த்தி ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். "ஒரு மலையில ஆஸ்பத்திரியிலயே மருந்து வெச்சிருக்காங்க. இன்னொரு மலையில வைக்காம, ரெண்டு பக்கமும் எத்தனை பேரு சாகறாங்கன்னு பார்க்கறாங்க. அந்த வைக்காத மலை..." அவள் அந்த வரியை இன்னொரு முறை பார்த்தாள். "நம்மளுது பெரியப்பா."

"எவன் பார்த்தான்? எங்க சாவை எண்ண இந்த மலைக்கு எவன் வந்தான்? வந்திருந்தா அவன் காலை முறிச்சிருக்க மாட்டேன்?"

ஆர்த்தி அடுத்த வரிக்குப் போனாள். "சாவு நடந்த ஊட்டுக்கெல்லாம் எங்க ஆளு நேர்ல போயி, எத்தனை மணிக்குக் கடிச்சுது, எப்பக் கிளம்புனாங்க, எந்த இடத்துல உயிர் போச்சுன்னு விசாரிச்சு..."

மாதன் மெல்லத் திரும்பினார்.

ருக்குமணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார். முதல் முறையாக, "வாரேனுங்க" என்று சொல்லாமல்.