பறந்தால் கௌதாரி

தேவசித்தம் இறந்த மறுமாதம், அவருடைய பழைய துப்பாக்கியைக் கடையில் ஒப்படைக்க அவர் மனைவி சுகிர்தா வந்தாள். மேலே ஒற்றைக் குண்டுக்கு ஒரு குழல், கீழே சிதறிப் பாயும் ரவைக்கு ஒரு குழல்.

"லைசென்ஸை உங்க பேருக்கே மாத்திக்கலாமேம்மா. சுடத் தெரியாதா?" என்றார் துப்பாக்கிக் கடைக்காரர்.

"தெரியும் ஐயா. காட்டுல நான்தான் தூக்கிட்டு நடப்பேன். கௌதாரி பறந்தா ரவையில நானே அடிப்பேன். முயல் உட்கார்ந்திருந்தா சத்தமில்லாம அவர்கிட்ட நீட்டுவேன். அவர் குண்டு தப்பாது."

"அப்ப இனிமே கௌதாரி மட்டும் சுடுங்க" என்று சிரித்தார்.

சுகிர்தா சிரிக்கவில்லை. "நேத்து கடைசியா ஒரு தடவை போனேன். இருபதடி தள்ளி ஒரு முயல். அசையாம உட்கார்ந்திருந்துச்சு. பழக்கத்துல துப்பாக்கியைப் பக்கத்துல நீட்டிட்டு, கை வலிக்கிற வரைக்கும் நின்னேன்."

கடைக்காரர் மேசையைச் சுற்றி வந்து, அவள் பக்கத்தில் நின்று, துப்பாக்கியை வாங்கத் தயக்கத்துடன் கை நீட்டினார்.