ஏழாம் நம்பர் லைன்

ஏணிக்குக் கீழே கடப்பாரையோடு நின்ற பெரியவரைப் பார்த்ததும் ஜெயசீலன் கம்பத்து ஏணியிலிருந்து இறங்காமல் நின்றான். அவருடைய தோளில் ஒரு துணிப்பை. அதிலிருந்து ஃபிளாஸ்க்கும் மடித்த பழைய வேட்டியும் எட்டிப் பார்த்தன.

"இன்டர்நெட் லைன் பாக்கறவர்தானே தம்பி? வீட்ல ஆள் இருக்காங்களா இல்லியான்னு கம்பத்துலருந்தே சொல்லிடுவீங்களாமே. டீக்கடையில சொன்னாங்க."

"எந்த வீடு?"

"அதோ, பூட்டு தொங்குதே, அந்த மாடி வீடு. எம் பொண்ணு மோகனா வீடு. தட்டித் தட்டிப் பாத்துட்டேன், சத்தமே இல்ல. ஆள் இல்லாத வீட்டுப் பூட்டை ஒடச்சா போலீசுக்குப் போவேன்றாரு வீட்டு ஓனரு."

மோகனாவின் அப்பா ஒடுகத்தூர் கோதண்டபாணி இவர்தானா? லைன் கொடுக்கப் போன அன்றே மோகனாவின் புருஷன் செந்தில்குமார் சொல்லியிருந்தான். "அவங்க அப்பாவ எதிர்த்துக் கட்டிக்கிட்டோம்ண்ணா. வந்து கேட்டார்னா யாரும் இல்லன்னுடுங்க." அந்தப் பயத்தில்தான் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான். அவனைக் கூப்பிடலாமென்றால், ஷூ கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஜெயசீலன் கம்பத்துப் பெட்டியைத் திறந்து, அந்த வீட்டுக்குப் போகும் ஏழாம் நம்பர் கண்ணாடி இழையைக் கருவியில் கவ்வவிட்டான். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று, இழையை அறுக்காமலே அம்புக்குறி காட்டும் கருவி அது. ஆபீஸிலிருந்து ஒளி எப்போதும் வரும். வீட்டிலிருந்து வருவது அங்கே மோடம் ஓடினால்தான்.

அம்புக்குறி இரண்டு பக்கமும் எரிந்தது. ஊருக்குப் போனால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறவன் செந்தில்குமார். மோகனா உள்ளேதான் இருக்கிறாள், மூச்சுக் காட்டாமல்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஜெயசீலன் கருவியைப் பார்த்தபடியே சொன்னான்.

"லைன் செத்துக் கெடக்குது பெரியவரே. உள்ள யாரும் இல்ல."

"நெஜமாவா?"

"மெஷின் பொய் சொல்லாது."

பெரியவர் கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்தார். "அப்போ திருப்பத்தூர்ல மாமியார் வீட்டுக்குத்தான் போயிருப்பா. பஸ் இருக்குதா?"

"பத்து நிமிஷத்துல வரும். ஓடுங்க."

அவர் நடக்கத் தொடங்கியதும் ஜெயசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் கருவியைக் கழற்றினான்.

நாலடி போனவர் நின்று திரும்பினார்.

"நெறமாசம் தம்பி. வலி எடுத்துடுச்சு வாப்பான்னு காலைல போன் பண்ணா, எங்க இருக்கேன்னு சொல்றதுக்குள்ள பேச்சே நின்னுடுச்சு."