பிரிவு விருந்து

“அண்ணே, கை கழுவப் போகாதீங்க. தட்டுல பாதி பிரியாணி அப்படியே இருக்கு.” கபிலன், அப்துல் அஜீஸின் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தான்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சாப்பாட்டுக் கடையில், இரண்டு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். துவாஸில் எண்ணெய்த் துரப்பண மேடை கட்டும் யார்டு ஒன்றில், பல வருடங்களாகச் சேர்ந்து குழாய் பொருத்தியவர்கள். மற்றவர்கள் உடை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அஜீஸ் மட்டும் யார்டின் நீலச் சட்டையோடும் கழுத்தில் தொங்கிய பாஸோடும் அப்படியே வந்துவிட்டார்.

எண்ணெய் விலை விழுந்ததிலிருந்தே பேச்சு அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது. கட்டி முடித்த மேடையை வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை. இன்று காலை மேனேஜர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்.

“வேற வழியே இல்லையா சார்?” என்று அஜீஸ் கேட்டுப் பார்த்தார்.

“முடிவாயிடுச்சு மிஸ்டர் அஜீஸ். மேலேருந்து வந்த உத்தரவு.” மேனேஜர் எழுந்து கைகொடுத்தார்.

“எல்லாம் சரியாயிடும் நானா,” என்றான் எதிரே இருந்த அர்ஃபான். “விலை ஏறும் லா. மறுபடி ஆள் எடுப்பாங்க.”

“எப்போடா?” என்றார் அஜீஸ். ஏழு பேரும் ஒரே வேனில் போய், ஒரே கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். இனி அது கிடையாது என்று நினைத்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பேச்சை மாற்ற, கபிலன் போனை நீட்டினான். போன மாதம் பிறந்த அவன் மகள் படத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

“பாருங்கண்ணே, என்னை மாதிரியே தூங்குமூஞ்சி.”

எல்லாரும் சிரித்தார்கள். அஜீஸ் குழந்தையைப் பார்த்தார். கண் நிறைந்துவிட, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருடைய போன் அடித்தது. மனைவி பரீதா. காலையிலிருந்து தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்திருப்பாள். விஷயத்தைச் சொன்னால் அவள் வாயிலிருந்து முதலில் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்கத் தெம்பில்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பில் வந்ததும் பையில் கைவிட்டார். ஆறு பேரும் ஒன்றாக மறித்தார்கள். “இன்னிக்கு நீங்க தரக் கூடாது நானா,” என்று அர்ஃபான் முந்திக்கொண்டு போனான்.

எம்ஆர்டி ரயில் நிலைய வாசல் வரை எல்லாரும் கூடவே வந்தார்கள். படி இறங்கும் இடத்தில் அஜீஸ் நின்றுவிட்டார். ஒவ்வொருவர் கையையும் பிடித்தார். விட மனசு வரவில்லை.

“மன்னிச்சிருங்கடா,” என்றார் கடைசியில்.

“நீங்க என்னண்ணே செஞ்சீங்க?” கபிலன் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டான். அதுவரை சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவனின் முதுகு குலுங்கியது. பிறகு விலகி நின்று, அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

“நாளைக்கு எங்க ஆறு பேர் லாக்கரும் காலியா கிடக்கும். அந்தப் பக்கம் பார்க்காம, நேரா வேலைக்குப் போயிடுங்கண்ணே.”