முதல் சொந்த வாக்கியம்

அடுத்தது அவள்.

வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

மருமகள் ஆங்கிலம் பேசப் படிக்கிறாள். மாமனார் கொண்டுவந்து விடுகிறார். முடியும்வரை காத்திருந்து கூட்டிப்போகிறார். சங்கரன்கோவிலில் பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

அது காவல் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பலகையில் இன்றைய பாடம், 'வெய் டவுன்'. பாரம் ஏறி அழுத்துவது என்று ஜெனிபர் டீச்சர் போன வகுப்பிலேயே விளக்கியிருந்தாள். ஆளுக்கொரு வாக்கியம் யோசித்து வரச் சொல்லியிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பவளம் சற்று முன்தான் சொல்லி முடித்திருந்தாள்.

"எங்க மாமியா என்னைய டெய்லி வெய் டவுன் டீச்சர். ஆளும் அதுக்குத் தக்கனதான் இருப்பாக."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுச் சங்கதியை நாலு பேர் நடுவில் இப்படியா போட்டு உடைப்பது?

செண்பகவல்லி எழுந்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள். மாம்பழங்கள் கிளையை அழுத்துகின்றன.

அவர் சொல்லிக்கொடுத்த வாக்கியம். தபால் ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காப்பி குடிக்கும்போதே, வீடு தலைகாட்டாத வாக்கியமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார்.

"நல்லாருக்கு. ஆனா இது மரத்தோட கஷ்டம்லா? உங்க வீட்ல உள்ளதச் சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

அவள் கண் ஜன்னல் பக்கம் போய் வந்தது.

"அண்ணனச் சொல்லு மதினி" என்றாள் பவளம். "மஸ்கட்ல போயி உக்காந்துக்கிட்டு ஊர்ப்பக்கமே வரமாட்டேங்காகள்ல."

அவர் குடையின் கைப்பிடியை இறுகப் பற்றினார்.

மகன் மஸ்கட்டில் இல்லை. திருப்பூரில் இருக்கிறான், வேறொருத்தியோடு. ஒரே ஒரு தடவை தேடிப் போனார். வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சின்னஞ்சிறு சட்டையைப் பார்த்ததும் கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டார்.

தெருவுக்கு மஸ்கட் என்று சொன்னவர் அவர்தான். சொன்னதோடு நிற்கவில்லை. அவ்வப்போது கடையநல்லூருக்குப் பஸ் ஏறி, வெளிநாட்டுச் சாமான் கடையில் பேரீச்சம்பழமும் தைலமும் வாசனைச் சோப்பும் வாங்குவார். கடையின் பெயர் போட்ட பையை பஸ் ஸ்டாண்டிலேயே எறிந்துவிட்டு, மஞ்சள் பைக்கு மாற்றிக்கொள்வார்.

அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது செண்பகவல்லி. தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, "அவுக அனுப்புனது" என்று சொல்லிக் கொடுப்பாள்.

ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இப்போது ஒரு வாக்கியம் போதும். பவளம் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் கோயில் வாசலுக்குப் போய்விடும். ஆடித்தபசுத் திருவிழாவில் அவர்கள் குடும்பத்து மண்டகப்படியன்று, கோயில் மரியாதையாக அவர் தலையில் பரிவட்டம் கட்டும்போது, கட்டுகிறவர் கண்ணிலேயே அது தெரியும். அவருடைய அப்பாவுக்கும் கட்டிய பரிவட்டம்.

சொல்லிவிடாதே தாயி.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். ஆங்கிலம்தான். இது அவர் சொல்லிக்கொடுக்காதது.

என் கணவர் மஸ்கட்டிலிருந்து எனக்குப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார். அவருடைய அன்பு என்னை அழுத்துகிறது.

'வெய்ஸ் மீ டவுன்' என்று முடிக்கும்போது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"ஒரு தப்பு கிடையாது! எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள்.

"குடுத்து வச்சவ மதினி நீ" என்றாள் பவளம். "அந்தத் தைலம் இன்னொண்ணு வந்தா எனக்கு எடுத்து வையி."

குடும்பம் தப்பித்தது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும்.

முடியவில்லை.

இந்த வகுப்பில் சேரக் கேட்ட அன்று அவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குன்னு நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சா, கண்ணாஸ்பத்திரில வேல தருவாகளாம் மாமா." வேலை என்றதைத்தான் அன்று அவர் கேட்டார். எனக்குன்னு என்றதைக் கேட்கவில்லை.

அவளுக்கென்று வாயில் வந்த முதல் வாக்கியம். அதையும் அவர் தன் பொய்க்கே வாங்கிக்கொண்டார்.

ஜன்னல் வழியே பார்த்தார். கைதட்டலுக்கு நடுவே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகத் தைலம் கொடுக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

எழுந்தார். குடையை நாற்காலியில் சாய்த்துவைத்தார். செருப்பைக் கழற்றினார்.

வாசலில் அவரைக் கண்டதும் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது.

"என்ன சார், கிளம்பணுமா?"

"இல்லம்மா. நானும் ஒண்ணு சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லுங்க சார்."

"பெரியப்பாவும் படிக்க வந்துட்டாகளா!" பவளம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவள், வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பவளத்தைப் பார்த்தார்.

நிமிர்ந்து நின்றுகொண்டு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"மை சன் இஸ் நாட்..."